கீலுக்கு எண்ணெய்

நிழல்கோட்டை என்ற படத்தை எடுத்த படப்பிடிப்புத் தளத்தைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவான நாளிலிருந்து டிரைவர் மாமாவின் மனசில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. கோட்டையைப் பார்க்க வேண்டும், அரியணையைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. வாசல் காவலனின் நிழலைப் பார்த்துவிட வேண்டும். கோணல்மாணலாகத் தையல் போட்ட அந்த நிழல் எங்கேயாவது ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் கண்ணால் கண்டால் போதும், வந்த வேலை முடிந்தது.

ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் அவருக்கு அந்தப் பெயர் போகவில்லை. பஸ் போனது, பெயர் நின்றது. இன்று அவரையும் அவர் மனைவியையும் காரில் அழைத்துப் போகிற இருவரும் ஒரு காலத்தில் அவர் பஸ்ஸில் வந்த பிள்ளைகள். ஒருத்திக்குப் பெயர் முன்சீட்டு. எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்து இருக்கையை எவருக்கும் விட்டுக்கொடுக்காமல், வீடு வந்து சேரும்வரை பேசித் தீர்த்தவள். இப்போது பல் டாக்டர். "வாயே மூடாத பொண்ணு, இப்ப ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்லிச் சம்பாதிக்கிறா" என்று மாமா பார்ப்பவரிடமெல்லாம் சொல்லுவார். மற்றவன் தூங்குமூஞ்சி. நிழல்கோட்டைப் படம் அத்தனை பாகத்துக்கும் முதல் ஆளாக வந்து இடம்பிடித்து, அத்தனை பாகத்திலும் தூங்கியவன். அவன்தான் இன்று காரை ஓட்டினான். ஆகவே மாமா இமை கொட்டாமல், காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்தபடியே வந்தார்.

"விடுங்களேன், அவன்தான் ஓட்டுறான்ல," என்றாள் மனைவி.

"ஓட்டுறான். முழிச்சுட்டு ஓட்டுறானான்னு பார்க்கிறேன்."

"மாமா, கண்ணாடியில என்னையே பாக்காதீங்க. பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு," என்றான் தூங்குமூஞ்சி.

கூட்டிப் போகிறேன் என்று முன்சீட்டு போனில் சொன்னபோது மாமா முதலில் தட்டிக்கழிக்கத்தான் பார்த்தார். "எனக்கு எதுக்கும்மா இந்த வயசுல கோட்டையும் கொத்தளமும்?" என்றார். அவள் விடவில்லை. "நாங்க அந்தப் படத்தைப் பார்த்ததே உங்க புண்ணியத்துல மாமா. அந்த இடத்துல முதல்ல உங்க கால்தான் படணும்," என்றாள். அதற்கு மேல் மறுக்க அவருக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை அவர் அவளிடம் சொல்லவில்லை. நிழல்கோட்டையில் ஒரு பாகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

அந்தக் கதையை இங்கே சொல்லிவிடுவது நல்லது.

மாமா ஓட்டியது கல்குவாரிக்கு அப்பால் இருந்த குடியிருப்புக்குப் போகும் பஸ். நகரத்தில் பஸ் நிலையமும் தியேட்டரும் எதிரெதிரே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் காட்சி முடிவதற்குச் சற்று முன்பே கடைசி பஸ் கிளம்பிவிடும். நிழல்கோட்டை முதல் பாகம் வந்தபோது குடியிருப்புப் பிள்ளைகள் கூட்டமாகப் போனார்கள். பிள்ளைகளின் நிழல்களைத் திருடிக் கோட்டைக்குள் பூட்டி வைக்கிற ஒரு ராஜா. அவற்றை மீட்கப் போகிற ஒரு சிறுமி. அவளுக்குத் துணை ஒற்றைக்காது நரி. பொழுது சாய்ந்தால் கோட்டைக் கதவு சாத்திக்கொள்ளும், உள்ளே அகப்பட்டவர் அகப்பட்டவர்தான். நரி கிணற்றுக்குள் விழுந்த இடத்தில் பிள்ளைகள் எழுந்து ஓடி வந்து பஸ்ஸைப் பிடித்தார்கள். முன்சீட்டு வழியெல்லாம் அழுதாள்.

"நரி செத்துச்சா பிழைச்சுச்சான்னு தெரியாம எப்படி மாமா தூங்குறது?"

அவள் தூங்கினாளோ இல்லையோ, மாமா தூங்கவில்லை. நரியின் கதி என்ன என்று கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

இரண்டாம் பாகம் வந்த ஞாயிற்றுக்கிழமை, கிளம்ப வேண்டிய நேரத்துக்கு அவர் கீழே இறங்கி முன்மூடியைத் திறந்தார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார். ஒரு வாளி கொண்டுவந்தார். சொட்டுச் சொட்டாக ஊற்றினார். பிறகு இன்னொரு வாளிக்குப் போனார். கண்டக்டர் காற்று வாங்குகிறவர் போலத் தியேட்டர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்த பயணிகள் கேலி பேசினார்கள். "வண்டி டீசல்ல ஓடுதா, தண்ணியில ஓடுதாய்யா?" என்றார் ஒருவர். பிள்ளைகள் கும்பலாகச் சாலையைத் தாண்டி ஓடிவந்து ஏறியதும் ரேடியேட்டரின் தாகம் அடங்கிவிட்டது.

அதன்பிறகு வீடு போய்ச் சேரும்வரை கதைதான். ஒருவன் வாலைப் பிடித்துச் சொல்லுவான், ஒருத்தி தலையைப் பிடித்துச் சொல்லுவாள். நடுவில் முன்சீட்டு கதையைப் பறித்துக்கொண்டு ஒழுங்குபடுத்துவாள். மாமாவுக்கு பஸ்ஸின் முன்கண்ணாடிதான் திரை. சாலையோரப் புளியமரம் கோட்டை மதில், வளைவில் மின்னும் மைல்கல் நரியின் கண். மூன்றாம் பாகம், நான்காம் பாகம் எல்லாம் அவர் அப்படித்தான் பார்த்தார்.

ஐந்தாம் பாகம் வந்த அன்று பஸ்ஸில் சோதனை அதிகாரி ஒருவர் ஏறி உட்கார்ந்திருந்தார். எவரோ புகார் எழுதிவிட்டார்கள். மாமா வாளியைக் கையில் எடுத்ததும் அவர் எழுந்து வந்தார்.

"பஸ் என்ன உங்க வீட்டு மாட்டுவண்டியா? நினைச்சா பூட்டுறீங்க, நினைச்சா அவுக்கிறீங்க?"

கண்டக்டர் தியேட்டருக்குள் ஓடிப்போய்ப் பிள்ளைகளை அழைத்துவந்தார். "படம் முடிஞ்சாச்சு அண்ணே, எடுங்க," என்றார். மாமா எடுத்தார். அதிகாரி நடுவழியில் இறங்கும்வரை திட்டிக்கொண்டே வந்தார். அவர் இறங்கிப் போன பிறகும் பஸ்ஸில் சத்தமே இல்லை.

"ஏன், இன்னிக்குக் கதை இல்லையா?" என்றார் மாமா, பாதையைப் பார்த்தபடியே.

முன்சீட்டு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நான் சொல்றேன். பொழுது சாயுது. கதவைச் சாத்துடான்னு ராஜா கத்துறான். வாசல்ல ஒரு காவலன் நிக்கிறான். அவன் சாத்தல."

"ஏன் சாத்தல?"

"பிள்ளைங்க இன்னும் உள்ள இருக்காங்கல்ல. அதனால ராஜாகிட்ட, 'கீலுக்கு எண்ணெய் போடணும், கொஞ்சம் பொறுங்க'ன்னு சொல்றான். ஒரு கீலுக்குப் போட்டான், அடுத்த கீலுக்குப் போட்டான். மறுபடியும் முதல் கீலுக்கு வந்துட்டான்."

மாமா ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தார். "நம்ம ஆளு," என்றார்.

"கடைசிப் பிள்ளை வெளிய வர்ற வரைக்கும் போட்டான். ராஜாவுக்குக் கோவம். காவலனோட நிழலைப் பிடுங்கிக்கிட்டான். அவன் நிழலே இல்லாம வெயில்ல நிக்கிறான். அப்ப பிள்ளைங்க எல்லாம் திரும்பி வந்து, அவங்கவங்க நிழல்ல ஒரு ஓரத்தைக் கிழிச்சுக் கொடுக்கிறாங்க. அதை எல்லாம் சேர்த்துத் தைச்சு, அவனுக்குப் புது நிழல்."

"நரியும் ஒரு துண்டு கொடுத்துச்சு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "தையல் கோணலா இருக்கும்," என்றது இன்னொன்று. அப்படியே ஆளுக்கொரு துண்டு சேர்த்துச் சேர்த்து, குடியிருப்பு வருவதற்குள் காவலனின் நிழல் முழுசாகிவிட்டது.

மறுவாரம் மாமாவுக்கு மெமோ வந்தது. அவரை அந்தத் தடத்திலிருந்து எடுத்து விடிகாலைச் சந்தை பஸ்ஸில் போட்டார்கள். மூட்டையும் முணுமுணுப்புமாக வருகிற கூட்டம். பிள்ளை என்று ஒன்று ஏறாது. ஆனாலும் அவர் ஒருநாள்கூட வருத்தப்பட்டுப் பேசவில்லை. உலகத்தில் தம்மைப்போல் இன்னொருத்தன் இருக்கிறான். அவனும் சாக்குச் சொல்லி மாட்டிக்கொண்டான், அவனையும் பிள்ளைகள் கைவிடவில்லை. அது போதுமாக இருந்தது. வெயில் ஏறியதும் பஸ்ஸை விட்டு இறங்கித் தம் நிழலைக் கொஞ்சம் பார்ப்பார். பிற்பாடு டிவியில் நிழல்கோட்டை எத்தனையோ முறை வந்தது. அப்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். "பார்த்த படத்தையே எத்தனை தரம் பார்க்கிறது?" என்பார். மனைவி வாய்க்குள் சிரித்துக்கொள்வாள்.

இதுதான் கதை. இப்போது தளத்துக்கு வருவோம்.

கோட்டைக் கதவு நெடிதாக உயர்ந்து நின்றது. மாமா சற்று ஒதுங்கி நின்று மேலும் கீழும் பார்த்தார். பிறகு போய் விரலால் தட்டினார். அட்டைப்பெட்டியைத் தட்டினாற்போல் சத்தம் வந்தது. கீல்கள் மட்டும் நிஜ இரும்பு. வழிகாட்டிப் பெண் கதவைத் தள்ளியதும் அவை கிறீச்சிட்டன.

"எண்ணெய் பார்த்து நாளாச்சு," என்றார் மாமா திருப்தியாக.

உள்ளே முற்றத்தைத் தாண்டி அரியணை மண்டபம் இருந்தது. மதிலெல்லாம் மரச்சட்டமும் தெர்மாகோல் பலகையும். பின்பக்கம் போனால் முட்டுக்கொடுத்த கம்பிகள். தூங்குமூஞ்சி ஒவ்வொன்றையும் வாய் பிளந்து பார்த்தான். "இதெல்லாம் படத்துல இருந்துச்சா?" என்று முன்சீட்டைக் கேட்டான். "நீ குறட்டை விட்டப்ப இருந்துச்சு," என்றாள் அவள். நரியின் ஒற்றைக்காதைத் தொட்டுப் பார்க்கலாம் என்றார்கள். அவள் தொட்டாள். தொட்டவள் கையை எடுக்க மறந்து அப்படியே நின்றுவிட்டாள். தூங்குமூஞ்சிதான் அவளைத் தோளில் தட்டி, போட்டோ எடுக்க வேண்டுமென்று பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டான்.

மாமா நிற்கவில்லை. அடுத்த அறை நிழல் கிடங்கு என்று வழிகாட்டிப் பெண் சொல்லிவிட்டாள். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். மெல்லிய கறுப்புத் துணியில் வெட்டிய நிழல்கள் வரிசையாகக் கொக்கிகளில் தொங்கின. மின்விசிறிக் காற்றில் மெதுவாக ஆடின. எல்லாம் பிள்ளைகளின் நிழல்கள். அவர் ஒவ்வொன்றாக நெருங்கிப் பார்த்தார். கடைசிக் கொக்கிவரை போனார். மறுபடியும் முதலிலிருந்து வந்தார்.

"ஏம்மா," என்றார் வழிகாட்டிப் பெண்ணிடம், "காவலனோடது எங்க?"

"எந்தக் காவலன் ஐயா?"

"வாசல் காவலன்தான். கீலுக்கு எண்ணெய் போடுவானே. கடைசியில பிள்ளைங்க தைச்சுக் கொடுப்பாங்களே, அந்த நிழல்."

அந்தப் பெண் யோசித்தாள். அவளுக்கு அவரை ஏமாற்றமடைய விடவும் மனசில்லை, பொய் சொல்லவும் தெரியவில்லை.

"அப்படி ஒருத்தர் படத்துல இல்லையே ஐயா. அந்த வாசல்ல காவலே கிடையாது. கடைசியில அந்தச் சிறுமி கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் அடிப்பா, கதவு தானா உடைஞ்சுடும்."

"நல்லா யோசிச்சுப் பாரும்மா. அஞ்சாம் பாகம்."

"தினமும் இதைத்தான் ஐயா சொல்றேன். வேற ஏதாவது படமா இருக்குமோ?"

மாமா ஓரத்தில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்துகொண்டார். சந்தை பஸ்ஸின் குளிரில், முணுமுணுப்பில், பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து கூடவே வந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போனமாதிரி இருந்தது. மனைவி அவர் தோளில் கை வைத்தாள்.

கிடங்கு வாசலில் முன்சீட்டு நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"மாமா, நீங்க அந்தப் படத்தை அப்புறமாக்கூடப் பார்க்கலையா?"

"எதுக்கும்மா பார்க்கணும்? நீ சொன்னியே."

அவள் வந்து தரையில், அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"நாங்களே அன்னிக்கு முடிவைப் பார்க்கல மாமா. கண்டக்டர் அண்ணன் பாதியில எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்டார். அந்த ஆள் உங்களைத் திட்டித் தீர்த்தான். நீங்க திரும்பவே இல்ல. நான் பக்கத்துல உட்கார்ந்து உங்க காதையே பார்த்துட்டு வந்தேன், அப்படிச் சிவந்திருந்தது. அப்ப நீங்க கதை எங்கன்னு கேட்டீங்க. எங்கிட்ட கதையே இல்ல. உங்களைத்தான் பார்த்துட்டு இருந்தேன், அதையே சொல்லிட்டேன். டிவியில பார்த்து நீங்களே தெரிஞ்சுட்டிருப்பீங்கன்னு இத்தனை நாளா நினைச்சிருந்தேன்."

"அப்ப அந்தக் காவலன்..."

"படம் பூராத் தூங்கினவன் நான்," என்றான் பின்னாலிருந்து தூங்குமூஞ்சி. "எனக்கே தெரியும் மாமா அது யாருன்னு. தையல் கோணலா இருக்கும்னு சொன்னது நான்தான்."

மாமா மனைவியைப் பார்த்தார். "உனக்குமா தெரியும்?"

"கீலுக்கு எண்ணெய், ரேடியேட்டருக்குத் தண்ணி. இதைப் புரிஞ்சுக்கப் பள்ளிக்கூடமா போகணும்? நீங்க வந்து அந்தக் கதையைச் சொன்ன ராத்திரியே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பூரிச்சுப் போயிருப்பீங்க. மறுநாளே போய் இன்னொரு மெமோ வாங்கிட்டு வந்திருப்பீங்க."

அவர் சிரிக்கத்தான் முயன்றார். சிரிப்பு பாதி வழியில் வேறாக மாறிவிட்டது. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேண்டியவர்களுக்குள் நன்றி என்று சொல்லிக்கொள்ள அவருக்கு எப்போதும் கூச்சம். அது கடைக்காரரிடமும் அதிகாரியிடமும் சொல்கிற வார்த்தை என்று நினைப்பவர். ஆகவே முன்சீட்டின் தலையில் கை வைத்து, "நல்லா சொன்னியேம்மா அன்னிக்கு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அதை வச்சுத்தான் அந்தச் சந்தை வண்டியை ஓட்டினேன்," என்றார்.

"உங்களுக்கு நன்றி சொல்லத்தான் மாமா கூட்டிட்டு வந்தேன்," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீங்க முந்திக்கிட்டீங்க."

"டிரைவர்னா முந்தத்தான் செய்வான்," என்றான் தூங்குமூஞ்சி.

வழிகாட்டிப் பெண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றாள். சட்டைக் காலரில் மாட்டியிருந்த ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டு, பார்வை நேரம் முடிந்துவிட்டது, எல்லாரும் கோட்டை வாசல் வழியாக வெளியேற வேண்டும் என்று அறிவித்தாள்.

கூட்டம் கலைந்து வாசலை நோக்கி நகர்ந்தது. மாமாவும் மற்றவர்களும் வெளியே வந்து சேர்ந்தபோது மேற்கே வெயில் சாய்ந்திருந்தது. வழிகாட்டிப் பெண் கடைசியாக வந்து கதவின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். கீல் கிறீச்சிட்டது.

அப்போதுதான் மாமா பார்த்தார். உள்ளே, முற்றத்துக்கு அந்தப் பக்கம், நிழல் கிடங்கின் வாசலில் ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். அப்பா கையைப் பிடித்து இழுக்கிறார். அவள் தொங்கும் நிழல்களை அண்ணாந்து பார்த்தபடி அசைய மறுக்கிறாள். இன்னும் ஒரே ஒரு தடவை என்று கெஞ்சுவது இங்கேவரை கேட்டது.

மாமா திரும்பி நடந்து போய்க் கதவுக்கும் நிலைக்கும் நடுவே நின்றுகொண்டார்.

"ஐயா, கொஞ்சம் வெளிய வாங்க. சாத்தணும்."

"தாராளமா சாத்தலாம்மா. ஆனா கீல் கத்துதே, கேட்டியா? கொஞ்சம் எண்ணெய் போட்டுட்டுச் சாத்தினா நல்லது."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. தொழில் பார்க்கிறவனின் அக்கறைதான் இருந்தது. பிறகு அவர் தோளுக்கு மேலாக முற்றத்தைப் பார்த்தாள்.

"எண்ணெய் டப்பா பின்னாடி அறையில இருக்கு ஐயா," என்றாள். "தேடித்தான் எடுக்கணும்."

"தேடிட்டு மெதுவாவே வாம்மா. கீல் எங்கேயும் ஓடிடாது."

அவள் போனாள். மெதுவாகத்தான் போனாள். மாமா ஒரு கையைக் கீலின்மேல் வைத்தபடி நின்றார். முதுகில் விழுந்த வெயில் அவர் நிழலை நீளமாக முற்றத்துக்குள் அனுப்பியிருந்தது. முன்சீட்டு வந்து ஒரு பக்கம் நின்றாள். தூங்குமூஞ்சி கொட்டாவி விட்டபடி மறுபக்கம் வந்தான். மனைவி பின்னால் வந்து நின்றாள். தரையில் எல்லா நிழலும் ஒன்றாகிக் கிடந்தது. யாருடைய துண்டு எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"மெமோ வந்தா நான் வாங்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்," என்றாள் மனைவி.

"வரட்டும்," என்றார் டிரைவர் மாமா.

அந்தச் சின்னப் பெண் இன்னும் நிழல்களைப் பார்த்து முடிக்கவில்லை.